'புதையல் தீவு' கதையைப் பிள்ளைகள் புரிந்து படிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாகசக் கதை ஒன்றைப் படித்து முடித்த பிள்ளையிடம் "புரிந்ததா?" என்று கேட்டால், "புரிந்தது" என்றுதான் விடை வரும். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' கதையை வீட்டிலும் வகுப்பிலும் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. விளக்கத்துக்காகக் கதையின் முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், பெரியவர்கள் இதைப் படித்துவிட்டு, முடிவைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது நல்லது.

கதை சுருக்கமாக என்ன?

இங்கிலாந்தின் கடலோரத்தில் உள்ள 'அட்மிரல் பென்போ' என்ற விடுதியை ஜிம் ஹாக்கின்ஸ் என்ற சிறுவனின் பெற்றோர் நடத்துகிறார்கள். அங்கே வந்து தங்கும் பில்லி போன்ஸ் என்ற பழைய கடற்கொள்ளையன் இறந்துபோக, அவனுடைய பெட்டியிலிருந்து கொள்ளைத் தலைவன் ஃபிளிண்ட் புதைத்த செல்வத்தின் வரைபடம் ஜிம்மின் கைக்கு வருகிறது. மருத்துவர் லைவ்சியும் நிலக்கிழார் ட்ரலானியும் 'ஹிஸ்பானியோலா' என்ற கப்பலில் ஜிம்மை அழைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். கப்பலின் சமையற்காரனாகச் சேரும் ஒற்றைக்கால் லாங் ஜான் சில்வர்தான் ஃபிளிண்டின் பழைய கூட்டத்தைத் திரட்டிக் கப்பலில் ஏற்றியவன் என்பது பயணத்தின் இறுதியில் தெரியவருகிறது. தீவில் சண்டை மூள்கிறது. மூன்றாண்டுகளாக அங்கே தனியே விடப்பட்டிருந்த பென் கன் என்பவனின் உதவியால் ஜிம்மின் தரப்பு வெல்கிறது. 1881, 1882ஆம் ஆண்டுகளில் சிறுவர் இதழ் ஒன்றில் தொடராக வந்து, 1883இல் நூலான இக்கதை ஆறு பகுதிகளும் 34 அத்தியாயங்களும் கொண்டது.

என் மகள் பிழையில்லாமல் வேகமாக வாசிக்கிறாள். ஆனால் கேள்வி கேட்டால் திணறுகிறாள். இது ஏன்?

எழுத்தைக் கூட்டிச் சொல்லாக ஒலிப்பது ஒரு திறன். கேட்ட மொழியைப் பொருள் கொள்வது வேறொரு திறன். வாசித்துப் புரிந்துகொள்வது இவ்விரண்டின் பெருக்குத்தொகை என்று 1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பெருக்கல் என்பதால், ஒன்று எவ்வளவு உயர்ந்திருந்தாலும் மற்றொன்று சுழியானால் விடையும் சுழிதான். தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் ஒரு ஒழுங்கில் ஒலிப்பதால், நன்கு பழகிய பிள்ளை பொருள் தெரியாத பத்தியையும் தங்குதடையின்றி வாசித்துவிடும். கேட்பவருக்கு அது புரிந்து படிப்பதாகவே தோன்றும்.

உங்கள் மகளின் சிக்கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிய எளிய வழி உண்டு. அதே கதையின் ஓர் அத்தியாயத்தை நீங்கள் உரக்க வாசித்துக் காட்டி, அதன் பின் கேளுங்கள். கேட்டபோது தெளிவாக விடை சொன்னால், வாசிக்கும் வேலையே அவள் கவனத்தை எல்லாம் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். கேட்டபோதும் திணறினால், சொற்களோ பின்னணியோ கதையின் இழையோ அவளுக்கு எட்டவில்லை. இக்கதையை உரக்க வாசிப்பதற்குத் தனிப் பொருத்தமும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பிரேமரில் 1881ஆம் ஆண்டு இதை எழுதத் தொடங்கிய ஸ்டீவன்சன், எழுதிய அத்தியாயங்களைத் தம் குடும்பத்தாருக்கு வாசித்துக் காட்டியபடியே எழுதினார்.

எத்தகைய கேள்விகளைக் கேட்க வேண்டும்?

"கப்பலின் பெயர் என்ன?", "ஜிம்மின் தாய் நடத்திய விடுதி எது?" போன்ற ஓரிரு சொல் விடைக்கான கேள்விகள், பிள்ளை பக்கத்தைப் பார்த்ததா என்பதை மட்டுமே காட்டும். நினைவு வேண்டும்தான், ஆனால் கேள்வி அதோடு நின்றுவிடக் கூடாது. கதையின் இரண்டு மூன்று இடங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் கேள்விகளே புரிதலைக் காட்டுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு இக்கதையில் கிடைக்கும் சிறந்த எடுத்துக்காட்டு சில்வரின் கால். ஏழாம் அத்தியாயத்தில் நிலக்கிழார் ட்ரலானி பிரிஸ்டலிலிருந்து எழுதும் கடிதத்தில், சில்வர் நாட்டுக்காகப் போரிட்டு, புகழ்பெற்ற கடற்படைத் தளபதி ஹாக் என்பவரின் கீழ்ப் பணிபுரிந்தபோது காலை இழந்தவன் என்று நெகிழ்ந்து குறிப்பிடுகிறார். பதினோராம் அத்தியாயத்தில் சில்வரே தன் கூட்டாளியிடம் பேசும்போது, தான் ஃபிளிண்டின் கப்பலில் இருந்ததாகவும், தன் காலைப் பறித்த அதே பீரங்கித் தாக்குதலில்தான் பியூ என்ற கூட்டாளி கண்களை இழந்தான் என்றும் சொல்கிறான். இவ்விரண்டையும் இணைக்கும் பிள்ளை, சில்வர் ட்ரலானியிடம் பொய் சொல்லி வேலை வாங்கினான் என்று தானே கண்டுபிடிக்கும். கதையாசிரியர் இதை எங்கும் எடுத்துச் சொல்வதில்லை.

இன்னும் கூர்ந்து படிக்கும் பிள்ளைக்கு மூன்றாவது இடமும் உண்டு. மூன்றாம் அத்தியாயத்தில் விடுதி வாசலுக்கு வரும் குருடன் பியூ, தாய்நாட்டைக் காக்கும் போரில் கண்ணிழந்த ஏழை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான். ஒரே கொள்ளைக் கப்பலில் காயம்பட்ட இருவரும் ஒரே பொய்யைச் சொல்லி இரக்கம் தேடியிருக்கிறார்கள். "இவ்விருவர் சொன்னதிலும் பொதுவாக இருப்பது எது?" என்று கேட்டுவிட்டு, மூன்று பக்கங்களையும் திருப்பிப் பார்க்க நேரம் கொடுங்கள். புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு விடை சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இங்கே வேண்டியதில்லை.

"ஒற்றைக்கால் மாலுமியைக் கண்காணிக்கும்படி பில்லி போன்ஸ் சொல்லியும் ஜிம் ஏன் சில்வரை நம்பினான்? அவனுக்கு அறிவில்லையா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

இந்தக் கேள்வி பிள்ளையிடமிருந்தே வந்தால் மகிழுங்கள்; கதை அதன் மனத்துக்குள் போய்விட்டது. விடை எட்டாம் அத்தியாயத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. கடிதத்தைப் படித்ததுமே ஜிம்முக்கு ஐயம் எழுந்தது. ஆனால் பில்லி போன்ஸையும், அவனைத் தேடி வந்த கொள்ளையர்களான பிளாக் டாக்கையும் பியூவையும் பார்த்திருந்த அவன், கொள்ளைக்காரன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று மனத்தில் ஓர் உருவம் வரைந்து வைத்திருந்தான். பிரிஸ்டலில் விடுதி நடத்திக்கொண்டு, தூய்மையாகவும் இனிமையாகவும் பழகும் சில்வர் அந்த உருவத்தோடு பொருந்தவில்லை. ஆகவே ஐயத்தைக் கைவிட்டான்.

இங்கே பிள்ளை உணர வேண்டியது, கதைமாந்தருக்குத் தெரிந்ததும் வாசகருக்குத் தெரிந்ததும் ஒன்றல்ல என்பதை. கதையைச் சொல்லும் ஜிம் எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறான். கதைக்குள் நடமாடும் ஜிம்முக்கு நாளை நடப்பது தெரியாது. "இந்தப் பக்கத்தில் ஜிம்முக்கு என்ன தெரியும்? உனக்கு என்ன தெரியும்?" என்ற இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், பத்து வயதுப் பிள்ளையும் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளும்.

ஆப்பிள் பீப்பாய்ப் பகுதியை வகுப்பில் எப்படி நடத்தலாம்?

நூல் முழுவதையும் நடத்த நேரமில்லாத ஆசிரியர் இந்த ஒரு பகுதியையாவது விடாமல் நடத்த வேண்டும். பத்தாம் அத்தியாயத்தின் இறுதியில், வேலை முடிந்து படுக்கைக்குப் போகும் ஜிம்முக்கு ஆப்பிள் தின்னும் ஆசை வருகிறது. பீப்பாயில் பழம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டதால் உள்ளேயே இறங்கி, இருட்டில் கண்ணயரும் நிலையில் உட்கார்ந்திருக்கிறான். யாரோ ஒருவர் பீப்பாயின்மேல் சாய்கிறார். அது சில்வர்.

முதலில் நிறுத்த வேண்டிய இடம், சில்வர் ஓர் இளம் மாலுமியைப் புகழும் வரி. வயதில் சிறியவனானாலும் நீ படுசுட்டி, பார்த்தவுடனே கண்டுகொண்டேன் என்று பொருள்படும் அந்தப் புகழ்ச்சியை, எட்டாம் அத்தியாயத்தில் சில்வர் ஏறக்குறைய இதே சொற்களில் ஜிம்மிடம் சொல்லியிருந்தான். ஜிம்முக்குக் கொலைத் திட்டத்தைக் கேட்கும் முன்பே கோபம் பொங்குவது இதனால்தான். "ஜிம் இங்கே ஏன் இவ்வளவு கோபப்படுகிறான்?" என்று கேட்டால், முந்தைய அத்தியாயத்தை நினைவில் வைத்திருக்கும் பிள்ளை மட்டுமே சரியாகச் சொல்லும். மற்றவர்கள் "சில்வர் கெட்டவன் என்பதால்" என்பார்கள். அது தவறில்லை, ஆனால் போதாது.

அடுத்த இடம் இன்னும் நுட்பமானது. சில்வர் தனக்கு ஓர் ஆப்பிள் எடுத்துத் தரச் சொல்ல, ஜிம் அகப்படும் நிலை வருகிறது. சில்வரின் கூட்டாளி இஸ்ரேல் ஹேண்ட்ஸ் குறுக்கிட்டு மது கேட்பதால் ஜிம் தப்புகிறான். மது எடுக்க அந்த இளைஞன் போன இடைவெளியில், இனி வேறு யாரும் நம்மோடு சேர மாட்டார்கள் என்று ஹேண்ட்ஸ் கிசுகிசுப்பது ஜிம்மின் காதில் விழுகிறது. உடனே ஜிம் ஒரு முடிவுக்கு வருகிறான்: அப்படியென்றால் கப்பலில் இன்னும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். சொல்லப்பட்டதிலிருந்து சொல்லப்படாததை வருவித்துக்கொள்வது எப்படி என்பதைக் கதையின் நாயகனே செய்துகாட்டும் இடம் இது. ஹேண்ட்ஸின் வரியை வாசித்தவுடன் நிறுத்தி, "இதிலிருந்து ஜிம்முக்கு என்ன புரிந்திருக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் விடை சொன்ன பிறகு அடுத்த வரியை வாசியுங்கள்.

கணக்குப் பிடித்த பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் அத்தியாயத்தின் முடிவு உதவும். கப்பலில் இருப்பவர்கள் 26 பேர். நம்பத்தக்கவர்கள் 7 பேர். அவர்களில் ஒருவன் சிறுவன். ஆகவே பெரியவர்களை மட்டும் எண்ணினால் 6 பேருக்கு எதிரே 19 பேர். அந்த ஏழு பேர் யார் யார் என்று பட்டியலிடச் சொன்னால், பின்னால் அவர்களில் சிலர் ஒருவர் ஒருவராக வீழ்வதன் கனம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

கடல், கப்பல் பற்றிய சொற்கள் புரியாமல் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். அகராதியைப் பார்க்கச் சொல்லலாமா?

எல்லாச் சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் கதை அறுந்துபோகும். ஆனால் பின்னணி அறிவு இல்லாமலும் புரியாது. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்குப் பேஸ்பால் ஆட்டத்தை வருணிக்கும் பத்தி ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை அறிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள்.

ஆகவே படிக்கத் தொடங்கும் முன்பே பாய்மரம், சுக்கான், நங்கூரம், மேல்தளம் ஆகியவற்றை ஒரு கப்பல் படத்தில் காட்டிவிடுங்கள். 'கரும்புள்ளி' என்பது, ஒருபக்கம் கறுப்பாக்கிய வட்டத் தாளைக் கொடுத்துக் கொள்ளையர்கள் ஒருவனுக்கு விடுக்கும் இறுதி எச்சரிக்கை என்பதைக் கதையே காட்டிக்கொடுக்கும். அதை முன்கூட்டி விளக்க வேண்டாம். பென் கன் ஆட்டுத்தோலால் செய்த சிறு படகு, ஒகேனக்கல்லில் காவிரியில் ஓடும் பரிசலின் இனத்தைச் சேர்ந்தது. அதன் படத்தைக் காட்டினால், ஜிம் அதைத் தன் விருப்பப்படி செலுத்த முடியாமல் அது சுழன்று சுழன்று அலைக்கழிக்கும் பகுதி உடனே விளங்கும்.

கதையின் நடுவில் கதைசொல்பவர் மாறிவிடுகிறார். பிள்ளைகள் குழம்புகிறார்களே?

பதினாறு முதல் பதினெட்டு வரையிலான மூன்று அத்தியாயங்களை மருத்துவர் லைவ்சி சொல்கிறார். ஜிம் அப்போது தீவில் பென் கன்னோடு இருக்கிறான். கப்பலில் நடப்பதை அவன் பார்த்திருக்க முடியாது. "இந்த நிகழ்ச்சியை நேரில் கண்டவர் யார்?" என்று கேட்டாலே குழப்பம் தீரும். அத்தியாயத் தலைப்பின் அருகே 'நான்' என்பது யார் என்று பென்சிலால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வரைபடம் வரையச் சொல்வது பொழுதுபோக்கா, பயிற்சியா?

முழுமையான பயிற்சி. இக்கதையே ஒரு வரைபடத்திலிருந்து பிறந்தது. மழையால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த பிரேமர் நாட்களில், வளர்ப்பு மகனான லாயிட் ஆஸ்போர்னின் பொழுதுபோக்குக்காக வண்ணந்தீட்டிய தீவு ஒன்றிலிருந்து ஸ்டீவன்சன் இதை உருவாக்கினார். பின்னர் நூலாக அச்சிட அனுப்பியபோது, கையெழுத்துப்படி போய்ச் சேர்ந்தது; வரைபடம் சேரவில்லை. தம் கதையை முதலிலிருந்து அலசி, தீவைப் பற்றி அதில் வரும் குறிப்புகளையெல்லாம் திரட்டி, அவற்றுக்கு முரண்படாமல் புதிய படம் ஒன்றை அவர் வரைய நேர்ந்தது. அது தமக்கு எவ்வளவு வருத்தம் தந்த வேலை என்பதைப் பின்னாளில் அவரே பதிவுசெய்திருக்கிறார்.

ஆசிரியர் செய்த அதே வேலையைப் பிள்ளையும் செய்யலாம். அச்சிட்ட படத்தை மறைத்துவிட்டு, மரவேலி சூழ்ந்த காவல் வீடு எங்கே, கப்பல் நங்கூரமிட்ட இடம் எங்கே, பென் கன்னின் குகை எந்தப் பக்கம் என்று வாசித்ததை வைத்து வரையச் சொல்லுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குறிக்கும் "எந்த வரியைப் பார்த்து இங்கே வைத்தாய்?" என்று கேட்டால் பிள்ளை விடை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அளவுகோல்.

மருத்துவர் புதையல் வரைபடத்தை ஏன் சில்வரிடம் கொடுத்தார்? இது பெரியவர்களுக்கே புரிவதில்லை.

இது தெரியாமல் படிப்பதற்காகவே எழுதப்பட்ட புதிர். இருபத்தெட்டாம் அத்தியாயத்தில், வரைபடம் தன்னிடம் வந்துவிட்டதாகச் சில்வர் சொல்லும்போது ஜிம்மும் திகைக்கிறான். முப்பதாம் அத்தியாயத்தில் மருத்துவர், புதையலைக் காணும் நேரத்தில் எச்சரிக்கையாக இருக்கும்படி சில்வரிடம் மறைமுகமாகச் சொல்லிவைக்கிறார். முப்பத்து மூன்றில்தான் முடிச்சு அவிழ்கிறது: தனியே கிடந்த ஆண்டுகளில் பென் கன் புதையலைத் தோண்டி எடுத்துத் தன் குகைக்குக் கொண்டுபோய்விட்டான். இதை அவனிடமிருந்து அறிந்துகொண்ட மருத்துவர், பயனற்றுப்போன வரைபடத்தையும் காவல் வீட்டையும் உணவையும் விட்டுக்கொடுத்து, காய்ச்சல் பரவும் சதுப்பிலிருந்து தம்மவரைக் குகைக்கு அழைத்துப்போனார். அந்தச் சதுப்பில் காய்ச்சல் உண்டு என்பதைத் தீவை அடைந்த அன்றே, பதின்மூன்றாம் அத்தியாயத்திலேயே, அவர் முகர்ந்து சொல்லியிருக்கிறார்.

இருபத்தெட்டாம் அத்தியாயம் முடிந்ததும் நிறுத்துங்கள். "மருத்துவர் ஏன் கொடுத்திருப்பார்?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தை எழுதட்டும். முப்பத்து மூன்றை முடித்த பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்க்கட்டும். ஊகம் பொய்த்துப்போனாலும், கதையில் உள்ள ஒரு சான்றின்மீது அது நின்றிருந்தால் அது நல்ல விடைதான். அப்படியே மதிப்பெண் கொடுங்கள்.

சுருக்கிய பதிப்புகள் போதுமா?

பத்து, பதினோரு வயதில் சுருக்கப் பதிப்பில் தொடங்குவதில் குறையில்லை. ஆனால் சுருக்குபவர்கள் பொதுவாக நிகழ்ச்சிகளை வைத்துக்கொண்டு பேச்சை வெட்டுகிறார்கள். மேலே சொன்ன காலைப் பற்றிய பொய்யும், இருமுறை வரும் புகழ்ச்சியும், மருத்துவரின் எச்சரிக்கையும் பேச்சில்தான் இருக்கின்றன. வாங்கும் முன் ஆப்பிள் பீப்பாய் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். அது ஒரே பத்தியில் முடிந்திருந்தால் வேறு பதிப்பைத் தேடுங்கள்.

'சில்வர் நல்லவனா, கெட்டவனா?' என்ற நெடுவினாவுக்கு எது சரியான விடை?

கேள்வியை மாற்றிக் கேட்பது நல்லது. சில்வர் நேர்மையான மாலுமி ஒருவனைக் கொல்வதை ஜிம் மறைந்திருந்து பார்க்கிறான். அதே சில்வர்தான் பின்னால் தன் கூட்டத்தையே எதிர்த்து ஜிம்மின் உயிரைக் காக்கிறான். அதில் அன்பு எவ்வளவு, தான் தூக்குக்கயிற்றிலிருந்து தப்பும் கணக்கு எவ்வளவு என்பதைக் கதை பிரித்துக் காட்டுவதில்லை. இறுதியில் அவன் தண்டனை பெறுவதும் இல்லை. ஒரு காசுப்பையோடு நழுவிவிடுகிறான். 'தீயவன் அழிவான்' என்ற நீதியை இதன் முடிவில் எழுதச் சொன்னால், கதையில் இல்லாத ஒன்றைப் பிள்ளை எழுதப் பழகும். "சில்வர் ஜிம்மைக் காப்பாற்றியது ஏன் என்று நினைக்கிறாய்? இரண்டு சான்றுகள் தருக" என்று கேளுங்கள். எதிரெதிரான இரண்டு விடைகளும் சான்று இருந்தால் முழு மதிப்பெண் பெறலாம்.

கண்ணில்லாதவனும் காலில்லாதவனும் கொள்ளையர்களாக வருகிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் பேச வேண்டுமா?

கட்டாயம் பேச வேண்டும். வகுப்பில் உடற்குறை உள்ள பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பழைய கதைகளில் உடற்குறையைத் தீமையின் அடையாளமாகக் காட்டும் வழக்கம் இருந்தது. பியூவின் சித்திரிப்பில் அது தெரிகிறது. சில்வர் சற்று வேறுபடுகிறான். ஒரு காலை இழந்த எழுத்தாளரான தம் நண்பர் ஹென்லியின் வலிமையும் ஆளுமையுமே சில்வர் பிறக்கக் காரணம் என்று ஸ்டீவன்சன் அவருக்கே எழுதியிருக்கிறார். "சில்வரைக் கண்டு மற்றவர்கள் அஞ்சுவது அவன் காலினாலா, அறிவினாலா?" என்று கேட்டுப் பேசச் செய்யுங்கள்.

எந்த வயதுக்கு ஏற்றது? கொலைகள் வருகின்றனவே?

தானே படிக்கப் பன்னிரண்டு வயது பொருத்தம் என்பேன். அதற்கு முன் என்றால் பெரியவர் உடனிருந்து வாசிக்க வேண்டும். கொலைகள் நீண்டு வருணிக்கப்படவில்லை. ஆனாலும் ஜிம்மே இஸ்ரேல் ஹேண்ட்ஸைச் சுடும் இருபத்தாறாம் அத்தியாயம் சில பிள்ளைகளைக் கலங்கச் செய்யும். அன்று கேள்விகளை விட்டுவிட்டு, பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.

பிள்ளை தவறான விடை சொன்னால் உடனே திருத்தலாமா?

வேண்டாம். "எங்கே படித்தாய், காட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, பில்லி போன்ஸின் பெட்டியிலிருந்து ஜிம் அந்தப் பொட்டலத்தை எடுத்தது புதையல் ஆசையால் என்று பல பிள்ளைகள் சொல்கிறார்கள். நான்காம் அத்தியாயத்தைத் திருப்பினால், தங்களுக்குச் சேர வேண்டிய வாடகைப் பணத்துக்கு மேல் ஒரு காசும் வேண்டாம் என்று தாய் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் கொள்ளையர்கள் நெருங்கிவிடுகிறார்கள். குறைந்த பணத்துக்கு ஈடாகத்தான் ஜிம் பொட்டலத்தை எடுக்கிறான். உள்ளே வரைபடம் இருப்பது அப்போது அவனுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைத் தானே மறுபடி வாசிக்கும் பிள்ளை, நீங்கள் எதுவும் சொல்லாமலே தன் விடையைத் திருத்திக்கொள்ளும்.